நிறுத்தி வைத்த ஓலை

தோட்டத்து லயம்,
கோலா சிலாங்கூர்.
16.9.1986

அன்பு மகள் முரியலுக்கு,

அப்பா மத்தியாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம். பினாங்கு ஃபேக்டரி விடுதியில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மருந்தடிக்கும் வேலையை விட்டுவிடு என்றால் கேட்கிறாளா? என் பழைய நீளக்கால் சிலுவாரையும் முழுக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, மருந்து டின்னை முதுகில் ஏற்றி, விடிந்ததும் செம்பனைக் காட்டுக்குள் போய்விடுகிறாள். நான் சொன்னால் காதில் வாங்குவதில்லை. நீ ஒரு வரி எழுது.

கல்யாண ஓலையை முதல் ஞாயிறு கோயிலில் வாசித்துவிட்டார்கள். மத்தியாஸ் மகள் முரியலுக்கும் சுங்கை பெசார் காப்ரியலுக்கும் என்று ஃபாதர் படித்தபோது அம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சற்று நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம் என்பது உனக்குத் தெரியாததா? ஆனால் இரண்டாவது ஓலையை வாசிக்கவில்லை. காப்ரியலின் அம்மா நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம் உன் படம்.

உன் பிறந்தநாளுக்கு ஞாயிறு பத்திரிகையில் படம் போட்டு வாழ்த்துச் சொன்னேன் அல்லவா? வெட்டிய முடியும் சிலுவாருமாக மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நீ சிரிக்கிற படம். நீ அனுப்பியதில் அதில்தான் முகம் தெளிவாக இருந்தது. இப்போது அதே பத்திரிகை அதே படத்தை எடுத்து வேறொரு பக்கத்தில் போட்டிருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ‘பண்பாட்டை மிதிக்கும் பாவையர்’. உன் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை. கஞ்சாக் கேஸில் பிடிபட்டவனுக்குத்தான் அப்படிப் பட்டை போட்டு நான் பார்த்திருக்கிறேன். கண்ணை மறைத்தால் ஆளைத் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. பிறந்தநாள் படத்தைத்தான் அம்மா லயத்து வீடுகள் முழுக்கக் காட்டி வைத்திருந்தாளே! கோயிலுக்குப் புறப்படுகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் தங்கமணி பத்திரிகையோடு வந்து, “இது நம்ம முரியல்தானே அண்ணே, ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?” என்று கேட்டது. அன்றைக்கு நாங்கள் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கட்டுரையை எழுதியவர் யாரென்று தெரியாது. ஃபேக்டரி விடுதிப் பெண்கள் முடியை வெட்டுகிறார்கள், சிலுவார் போடுகிறார்கள், இஷ்டப்படி சுற்றுகிறார்கள், தோட்டத்துக் குடும்பங்களின் மானம் போகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறார். உன் பெயர் எங்கேயும் இல்லை. படம் மட்டும் உன்னுடையது. மறு வாரம் வாசகர் கடிதங்கள் வந்தன. ஒருவர், இவர்களையெல்லாம் தோட்டத்துக்கே திருப்பி அழைத்து வரவேண்டும் என்கிறார். ஓர் ஆசிரியை, இவள் புரட்சிப் பெண், தடுக்காதீர்கள் என்கிறார். இரண்டையும் நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. மாதாமாதம் அம்மாவுக்குத் தைலம் அனுப்புகிற, கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்கிற என் மகளைப் பற்றி இல்லை, அது மட்டும் தெரிகிறது.

நான் மட்டும் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிடாதே. சனிக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் வீடியோ போட்டார்கள். சிலுவார் போட்டுக்கொண்டு எதிர்த்துப் பேசுகிற பெண்ணைக் கதாநாயகன் பளாரென்று அறைகிற இடம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகப் போய்விட்டது. அடுத்த காட்சியில் அவள் சேலை கட்டிக்கொண்டு குனிந்த தலையோடு வந்தாள், அதற்கும் தட்டினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலில் நின்று, “பொழுதன்னிக்கும் நானுந்தான் சிலுவார் போட்டுக்கிட்டு அலையிறேன், என்னையும் நாலு அறை அறையுங்க லா” என்றாள். நீ வேலைக்குப் போடுகிறாய், அது வேறு என்றேன். நம்ம புள்ள மட்டும் விளையாடவா போயிருக்கா என்று கேட்டாள். ஆனால் அதே அம்மாதான் மறுநாள் அழுதுகொண்டே, அந்த முடியையாவது வெட்டாமல் இருந்திருக்கக் கூடாதா என்றாள். முடியைப் பற்றி எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. ஃபேக்டரிக் குல்லாய்க்குள் அடங்குவதில்லை என்று நீ காரணம் எழுதியிருந்தாய். படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. மற்றவர்கள் கேட்கும்போதுதான் அந்த நியாயம் எங்கோ போய்விடுகிறது.

ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். அவர், ஓலைக்குத் தடை என்றால் நெருங்கிய இரத்த உறவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கனவே கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது தடை என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் போய்விட்டது. ஓலையை நிறுத்தச் சொன்னது புத்தகம் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காப்ரியல் பஸ் பிடித்துத் தனியாக வந்தான். அவனைத் தப்பாக நினைக்காதே. அந்த மோட்டார் சைக்கிளை நீ வாங்கியபோது கூட வந்து ஓட்டிப் பார்த்ததே தான்தான் என்று அவனே சொன்னான். அவன் அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்ல முடியவில்லையாம். தலையைக் குனிந்துகொண்டு, “ஒரு வரி போதும் மாமா. படத்துல இருக்கறது எங்க முரியல் இல்லன்னு பத்திரிகைக்கு எழுதிப் போடுங்க. அம்மா வாயை மூடிடலாம். ஓலையும் வாசிச்சிடலாம் லா” என்றான். அவன் அம்மாவே அதற்குச் சம்மதித்துவிட்டாராம். உண்மை எதுவென்று அவருக்கும் தெரியும். ஊருக்குக் காட்ட ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் எழுத உட்கார்ந்தேன். ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் என்று எழுதினேன். தங்கள் இதழில் வந்த படத்தில் இருப்பவள் என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. நேற்றும் உட்கார்ந்தேன், அதே இடத்தில் நின்றுவிட்டது. அம்மா எழுதிவிடுங்கள் என்கிறாள். பேனாவை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

இந்த ஞாயிறுக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தபால் தாமதமாகும் என்றால் தோட்டத்துக் கிராணி ஆபீசுக்குப் போன் செய், என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். உனக்குக் காப்ரியலைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் தவிப்பு. சுங்கை பெசாருக்குப் போய் அவன் அம்மாவிடம் கைகூப்பி நிற்கச் சொல், நிற்கிறேன். கல்யாணம் வரைக்கும் வாயைத் திறக்காதே என்று சொல், திறக்க மாட்டேன். நீ வேலையை விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி, அதுவும் உன் இஷ்டம். எது சரி என்று இந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நீ சொல்கிறபடி எல்லாம் செய்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் என்னை எழுதச் சொல்லாதேம்மா.

பினாங்கில் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். பாதை வழுக்கும், மெதுவாக ஓட்டு. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தப் படத்தில் இருப்பவளைப் பெற்றவன்,
மத்தியாஸ்