அம்மாவுக்குப் பக்கத்து இடம்

அண்ணா,

இந்த நௌரூஸ் புத்தாண்டுக்கு நீ கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நம் ஊர் மேட்டில் அகழாய்வு முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உச்சி முழுக்க ஊராரைப் புதைத்த கபர்கள். அவற்றைத் தொடக் கூடாது. தோண்டுவதற்குக் காலியாக இருந்தது ஒரே இடம்தான்: அம்மாவுக்குப் பக்கத்தில், அப்பா தன் கையால் கல் அடுக்கித் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடம்.

போன குளிர்காலத்தில் அவரை அங்கே அடக்கம் செய்ய நீ வந்தபோது, வேலிக் கதவருகே நின்று, அகழாய்வு அதிகாரியாக நானே கையெழுத்திட்ட தடை உத்தரவைக் காட்டினேன்.

"செத்தவங்களத் தோண்டி எடுக்கலாம், புதைக்க மட்டும் கூடாதா? நல்லா இருக்கு உன் சட்டம்!" என்றாய். உனக்குப் பின்னால் பிக்கப் வண்டியில் அப்பா இருந்தார்.

"கீழ மூவாயிரம் வருஷத்து வீடு இருக்குண்ணா" என்றேன். பார்த்தவள் போலத்தான் சொன்னேன். நீ வண்டியைத் திருப்பி, ஹலப்ஜா சாலையோரம் இருக்கும் புது மையவாடிக்குப் போய்விட்டாய்.

நேற்று அந்த இடத்தில் இரண்டு மீட்டர் ஆழம் தொட்டோம். குழிக்குள்ளிருந்து நம் வேலையாள் பெஷ்ரவ் கத்தினான்: "அக்கா, வெறும் மண்ணுதான்! ஒரு ஓட்டுச்சில்லுகூட இல்ல!"

படிவத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதி, அதிலும் நானே கையெழுத்திட்டேன்.

வேலை முடிந்த குழியை உடனே மூடிவிட வேண்டும் என்பது விதி. ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.

இன்றும் அதையேதான் சொன்னேன்.

உன் தங்கை