அம்மாவின் படத்துக்கு மாலை

12.3.76 வெள்ளி

வெயில் இப்போதே சுள்ளென்று. ஏழரைக்குள் அம்மாவின் விரிப்பு இரண்டும் தோய்த்துக் காயப்போட்டாயிற்று. தம்பி கொழும்பு ரயிலில் வந்து இறங்கினான். ஞாயிறு அவன் புத்தகத்துக்கு ஒரு வயது. இங்குள்ள வாசகர் வட்டம் விழா எடுக்கிறது.

வாங்க: சீனி, தேயிலை, சவர்க்காரம் 2, அம்மாவுக்கு ரஸ்க்.

அறளை பெயர்ந்து நினைவு தப்பிய தாயைப் பற்றி மகன் எழுதிய புத்தகம். ஊரே வாசித்து அழுததாம். மகன் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவன். உள்ளே இருப்பதெல்லாம் கிழமைக்கொரு கடிதமாக நான் எழுதி அனுப்பியவை. சோற்றைத் தலையணைக்குள் ஒளித்தது, கண்ணாடியில் தெரிந்தவளோடு சண்டை பிடித்தது, எல்லாம். கடைசி அத்தியாயம் மட்டும் அவன் சொந்தச் சரக்கு. அதில் அம்மா செத்துப்போகிறார்.

போன வருடமே கேட்டேன். “கதைக்கு ஒரு முடிவு வேணும்தானே அக்கா” என்றான்.

13.3 சனி

காலை அம்மாவுக்கு வயிற்றோட்டம். பத்து மணிக்கு வாசகர் வட்டச் செயலாளர் வந்தார். அம்மாவின் படம் வேண்டுமாம், பெரிதாக்கிச் சந்தனமாலை போட. குத்துவிளக்கு, இரண்டு நிமிட மௌனம். அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கப் பின் அறையில் அம்மா இருமினார். அது யார் என்று செயலாளர் கேட்டார். பக்கத்து வீட்டு ஆச்சி என்றான் தம்பி. கூசாமல். அம்மா வாசல் தாண்டி வருடக்கணக்கு, அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் போன பிறகு தம்பியைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலையா?

“சனம் அப்பிடி விளங்கிட்டுது. இப்ப போய் உயிரோட இருக்கிறா எண்டு சொன்னா நான் பொய்யன். ஒரு நாள்தானே, பொறுங்கோ.”

ஒரு நாள்தானே. எனக்கு எட்டு வருடம். துறைமுகக் கந்தோரில் டைப்பிஸ்ட் வேலையை விட்டதும் இதற்காகத்தான்.

மத்தியானம் தம்பி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். “ஐயா, என்ர மகன் கொழும்பில. கண்டனீங்களோ?” என்று அவனிடமே கேட்டார். அவன் சின்னக் கொப்பியை எடுத்து அதையும் குறித்துக்கொண்டான். பற்றிக்கொண்டு வந்தது. அவனையாவது தேடுகிறார். நான் அவருக்கு வேலைக்கு நிற்கிற பிள்ளை.

14.3 ஞாயிறு

பக்கத்து வீட்டு மரியம்மா பூசை முடிந்து வந்து அம்மாவோடு இருந்தார். நான் மண்டபத்துக்கு. மேடையில் வைத்தே சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழி முழுக்க வசனம் பாடமாக்கினேன்.

முதல் நிகழ்ச்சியே என் பெயர். மூத்த மகள் விளக்கேற்றுவார். படத்தில் அம்மா, நாற்பது வயது, தோடு போட்டு, கழுத்தில் மாலை. முன் வரிசையில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் அதற்குள் கண்ணைத் துடைக்கிறார். தம்பி என்னையே பார்த்தான். சின்ன வயதில் சட்டியை உடைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லாதே என்று பார்ப்பானே, அந்தப் பார்வை.

ஏற்றினேன். மௌனத்துக்கும் எழும்பி நின்றேன். வெட்கங்கெட்டவள். அவனுக்குப் பொன்னாடை. அவன் பேச்சில் எனக்கு “வீட்டார்” என்று ஒரு சொல். விருந்துக்கு நிற்கவில்லை.

பி.ப. 1. மரியம்மாவை அனுப்பிவிட்டுச் சோறு போட்டேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, என்ர மகன் வந்திட்டானோ?”

“இல்லையம்மா. அவன் செத்துப்போனான்.”

தலையில் அடித்து அழுதார். பார்த்துக்கொண்டு நின்றேன். மனம் ஆறியது, பொய் சொல்வானேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. எதற்கு அழுதோம் என்பதும் போய்விட்டது. திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன். இப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி அதே அழுகை.

மூன்றாம் தடவை கேட்டபோது சொல்ல ஏலவில்லை. பின்னேரம் வருவான், வாயைத் திறவுங்கோ என்று சோறு தீத்தினேன். மகன் வருகிற சந்தோஷத்தில் கோப்பைச் சோறு முழுவதும் சாப்பிட்டார்.