உன் சேலையில் செவலையிடம் போனேன்

கூடப் பிறக்காவிட்டாலும் என் உயிரோடு ஒட்டிய அக்கா,

திருமழிசையில் எல்லாரும் சௌக்கியம். நம் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு கம்பெனிச் சுவர் எழும்பிவிட்டது. மேய இடமில்லாமல், இன்னும் கன்று ஈனாத உன் பசு செவலை கொட்டகையிலேயே நிற்கிறது.

நீ கண்மூடிப் போனதிலிருந்து அது தவிடு தின்னும், என் கையால் மருந்து மட்டும் வாங்காது. மாமியாரிடமே தலைகுனியாதவள் நான். ஒரு மாட்டிடம் தோற்றதை எழுத மானக்கேடாக இருக்கிறது.

சினை ஊசி போட்டும் போட்டும் நிற்கவில்லை. என் மகன் முருகன் அதை விற்க மாட்டுப் புரோக்கருக்குச் சொல்லிவிட்டான்.

"எம்மா, பாலும் இல்ல, சினையும் இல்ல. இத்த கட்டிகினு இன்னா பண்றது?"

"உங்க பெரிம்மா வளத்த மாடுடா."

"பெரிம்மாவா வந்து சாணி அள்ளப் போவுது?"

அடுத்த ஊசி வரைக்கும் பொறு என்று கெஞ்சினேன். சினை நிற்க நீ கொடுக்கும் மருந்து வரிசை எனக்குத் தெரியும்: முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கடைசியில் மஞ்சளோடு கறிவேப்பிலை. எல்லாவற்றுக்கும் வெல்லமும் உப்பும். ஆனால் பல்லைக் கடித்துக்கொள்ளும் மாட்டுக்கு எப்படிக் கொடுப்பது?

கறக்கிறவள் ஊரில் இல்லையென்றால் அவள் சேலையைக் கட்டிக்கொண்டு மாட்டிடம் போவோமே, அதைத்தான் செய்தேன். பெட்டியிலிருந்த உன் நீலச் சேலையை உடுத்திப் போனேன். செவலை வாயைத் திறந்தது. முள்ளங்கியும் கற்றாழையும் மளமளவென்று உள்ளே போயின. ஆனால் அதன் கண் என்மேல் இல்லை அக்கா. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே மென்றது.

வேலை விட்டு வந்த என் பேத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஆயா, பெரியாயா பொடவைய கட்டிகினு இப்டியா வந்து நிப்ப? உசுரே போச்சு!"

"போன உசுரு வந்துச்சா? போய் டீ போடுடி," என்றேன். சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முருங்கைக்கீரை கொடுக்கும் நாளில் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். உருண்டைகளைக் கொட்டகைச் சுவர்மேல், மாட்டுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, சேலை காய்ந்ததா என்று பார்க்கப் போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முருகன் ஷிப்டில் இருந்தான், பேத்தி வரும் பஸ் இன்னும் பூந்தமல்லி தாண்டியிருக்காது.

பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடினேன். சுவர்மேல் ஒன்றுமில்லை. செவலை நாக்கை நீட்டி, எதிரே யாருமில்லாத இடத்தை நக்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கையை நக்குவதுபோல. நாக்கு எதன்மேலோ பட்டுப் பட்டு மடங்கியது.

நான் உள்ளே போகவில்லை. மறுநாளிலிருந்து பிரண்டையையும் கறிவேப்பிலையையும் சுவர்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். எதுவும் மிஞ்சவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் நம்புவார்களா?

பிறகு மாடு பருவத்துக்குக் கத்தியது, ஊசி போட்டோம். போன வாரம் மாட்டு டாக்டர் உள்ளே கையை விட்டுப் பார்த்து, சினை நின்றுவிட்டது என்றார். முருகன் அங்கேயே புரோக்கருக்கு போன் போட்டு, "வராத அண்ணாத்தே, மாடு ஊட்டோடதான் கீது" என்றான்.

பால் பெருக நீ கொடுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு வாங்கிக் காயவைத்திருக்கிறேன். அதை என் சேலையில், என் கையால் கொடுக்கப்போகிறேன். பிறக்கும் கன்றாவது என் வாசனையை அறியட்டும், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் தலைச்சன் ஈற்று, எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் சத்தியம் செய்கிறேன் அக்கா: செவலைக்கு வலி எடுக்கும் நாளில் கொட்டகைக் கதவைத் தாழ்போட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கையைப் பார்க்காமலே நம்புகிற ஓரகத்தி,
பச்சையம்மாள்