வாளியோடு வரும் அம்மா

மே 6, திங்கள்

இன்றும் டிலானியிடம் கடி வாங்கினேன். இடது மணிக்கட்டுக்கு மேலே நாலு பல் பதிந்திருக்கிறது.

டிலானிக்கு நாலு வயது. பேச்சு அதிகமில்லை. அவள் அம்மா ஜீவராணி காலையில் அவளை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் விட்டுவிட்டு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறாள். அவள் முதுகு திரும்பியதும் தொடங்கும் கத்தல் பத்து மணிவரை அடங்காது. மற்றப் பதினொரு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கும் பொத்திக்கொள்ள ஆசைதான். டீச்சராகிப் போனேனே!

மதியம் தோட்டத்து வெல்பயர் அதிகாரி ஜெயகாந்தன் சேர் வந்தார். "மத்தத் தாய்மாருங்க ஒரே கம்ப்ளைன் டீச்சர். இந்த மாசம் முடியட்டும். அப்பவும் இப்படின்னா, புள்ளைய வீட்டுலயே வச்சுக்கச் சொல்லிருங்க."

வீட்டில் யார் வைத்துக்கொள்வது? புருஷன் நிரஞ்சன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். பிள்ளையோடு இருந்தால் ஜீவராணிக்கு வேலை இல்லை. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மற்ற நேரமெல்லாம் ஊர் முழுக்கக் கேட்கிற வாய் இது.

மே 8

போன வருடம் இரத்தினபுரியில் நடந்த பயிற்சியில் எழுதிய கொப்பியைத் தேடி எடுத்தேன். அன்று கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதியது. பயிற்சி தந்த ஸாஹிரா மிஸ் சொல்லியிருக்கிறார்: "பிள்ளைக்கு எதில பயம் எண்டு பாருங்க. அதையே சின்னக் கதையா, படத்தோட சொல்லுங்க. புத்தி சொல்ல வேணாம். என்ன நடக்கும் எண்டு மட்டும் சொல்லுங்க."

டிலானிக்கு எதில் பயம்? அம்மா போவதிலா? இல்லை, திரும்பி வரமாட்டாள் என்பதில் என்றுதான் நினைக்கிறேன்.

இரவு ஐந்து படம் வரைந்தேன். அம்மா போகும். நான் விளையாடுவேன். கஞ்சி குடிப்பேன். மணி அடிக்கும். அம்மா வாளியோட வரும். அவ்வளவுதான் கதை.

எனக்கு முகம் வரைய வராது. ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஆனால் வாளி! ஜீவராணி பால் சேர்க்கிற அலுமினிய வாளி, ஒரு பக்கம் நசுங்கியது, பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. அதை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மே 9

தெரணியகலை டவுனில் பயாஸ் நானாவின் கடையில் லேமினேட் செய்து கட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "வாளி அச்சு அசல் டீச்சர். பொம்புளதான் ஆருண்டு வெளங்கல்ல" என்றார். நன்றாகச் சிரித்தேன்.

மே 14

மூன்று நாளாகக் காலையில் ஒரு தரம், கஞ்சி நேரத்தில் ஒரு தரம் வாசிக்கிறேன். கடைசிப் பக்கத்தில் வாளியின் மேல் விரலை வைக்கிறாள். இன்று ஒன்பது மணிக்கே அடங்கினாள்.

மே 17

கத்தவே இல்லை. மணி அடித்தது, வாளி வந்தது, ஓடிப்போய்ப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஜீவராணி அழுதுவிட்டாள். எனக்கும் என்னவோ கண்ணில் விழுந்தது. தூசி என்று எழுதிவைப்போம்.

மே 22

ஐயோ, இன்னைக்குப் பட்ட பாடு!

விடியலிலேயே மழை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வடிவதெல்லாம் கழுவிப் போய்விடும். ஜீவராணியைப் புல்லு வெட்ட அனுப்பிவிட்டார்கள். மணி அடித்ததும் தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் கத்தியோடு வந்து நின்றாள். வாளி இல்லை.

டிலானி அவளைப் பார்த்தது. பின்னால் எட்டிப் பார்த்தது. பிறகு கத்தல் — அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதே இல்லை. தூக்க வந்த அம்மாவின் கையைக் கடிச்சிருச்சு. "நாந்தான்டி, அம்மாடி, என்னையப் பாருடி" என்று அவள் கெஞ்சுகிறாள், பிள்ளை என் சேலைக்குள் போய் ஒளிகிறது. பெத்தவகிட்டப் போக மாட்டேங்குதே! கடைசியில் ஜீவராணி மழையில் லயத்து வீட்டுக்கு ஓடி வாளியை எடுத்துவந்த பிறகுதான் பிள்ளை அவளோடு போனது.

பக்கத்து லயத்து மூக்காயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்நேரம் வெல்பயர் காதுக்குப் போயிருக்கும்.

போகும்போது ஜீவராணி சொன்னாள்: "எம்புள்ளைக்கு நான் வேணாம் போல டீச்சர். வாளி போதும்."

சுதர்சினி டீச்சர், படம் வரைந்த உன் கையை ஒடிக்கணும்.

மே 23

தூங்கவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். பயாஸ் நானா அன்றே சொன்னார். வட்டமும் இரண்டு புள்ளியும் யாருக்கும் அம்மா ஆகலாம். வாளி ஒன்றுதான் ஜீவராணிக்கு உரியது. அப்படி வரைந்து கொடுத்தது நான். டிலானி கதையைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். அவள்மேல் என்ன பிழை?

மே 25, சனி

பென்சிலோடு ஜீவராணியின் லயத்துக்குப் போனேன்.

"என் மூஞ்சியவா? அதுல பாக்க என்னங்க டீச்சர் இருக்கு?"

"ஒம் மகளுக்கு அதுதான் வேணும். அசையாம இரு."

போனில் போட்டோ எடுத்துக் காட்டினால் என்ன என்று கேட்டாள். அதையும் பார்த்தோம், போனைக் காட்டினால் டிலானி போனைத்தான் பிடுங்குகிறாள்.

பதினாறு தாள் வீணானது. ஆறு வருடமாகத் தோட்டத்தில் தினமும் பார்க்கிற முகம், இன்றுதான் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு, அங்கே மயிர் முளைக்கவில்லை. சின்ன வயதில் விழுந்ததாம். முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருக்கிறது. பதினேழாவது தாளில் டிலானி வந்து எட்டிப் பார்த்தாள். படத்தின் புருவத்தைத் தொட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்தத் தாளை எடுத்து வைத்தேன்.

புதுக் கதையில் அம்மா நாலு விதமாக வருகிறாள்: வாளியோடு, கத்தியோடு, சாக்கோடு, வெறுங்கையோடு. நாலிலும் ஒரே முகம், ஒரே வெட்டுப் புருவம். கீழே: "சில நாள் வாளி இருக்கும். சில நாள் இருக்காது. அது அம்மாதான்."

மே 29

மழையே இல்லை. வாளியோடுதான் வருகிறாள். ஊருக்கெல்லாம் வெயில் வேண்டும், எனக்கு மழை வேண்டியிருக்கிறது.

மே 31, வெள்ளி

மாதக் கடைசி. காலையிலிருந்து கொட்டுகிறது. ஜெயகாந்தன் சேர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு என் கதிரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மணி அடித்தேன். ஜீவராணி வந்தாள். தலையில் சாக்கு, கையில் ஒன்றுமில்லை. உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றாள்.

டிலானி எழுந்தாள். கையில் புத்தகம். முதலில் கையைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. போச்சு என்று நினைத்தேன். ஜீவராணி சாக்கைக் கழற்றிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் மழைத்தண்ணி வழிந்தது. டிலானி கிட்டப் போய், அந்த வெட்டுப் புருவத்தில் விரலை வைத்து, என் குரலிலேயே வாசிக்கிற மாதிரி சொன்னாள்:

"அது அம்மாதான்."

இருவரும் ஒரே சாக்குக்குள் நுழைந்துகொண்டு மழைக்குள் போனார்கள்.

சேர் பேனாவை எடுத்தார். "ஜூன் மாச லிஸ்ட்ல எத்தன புள்ளைங்க டீச்சர்?" என்றார்.

"பன்னெண்டு சேர்."

எழுதிக்கொண்டு போனார்.

கூட்டும்போது பார்க்கிறேன், பாயில் புத்தகம் கிடக்கிறது. அது இல்லாமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போகாத பிள்ளை. ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்று குடையை எடுத்து வாசல்வரை போனேன். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டேன்.