தண்ணியிலே கண்டம்

ரங்கூன், 10-6-1934

அம்மாவை மகன் குற்றாலிங்கம் கும்பிட்டு எழுதுவது. இங்கன நான் சுகம். உங்க முழங்கால் வலி தேவலையா?

நீங்க எழுதச் சொன்ன கடிதம் வந்துச்சு. நாலு பக்கமும் ஒரே பாட்டு: "ஜாதகத்திலே உனக்குத் தண்ணியிலே கண்டம், ஆத்துப் பக்கம் போகாதே." அம்மா, எனக்கு இருபத்தாறு வயசு. குற்றாலத்துச் சாமி பேரை வச்சிட்டு, அந்த அருவியிலே ஒரு நாளாவது குளிக்க விட்டீங்களா? உங்களை மட்டும் சொல்லி என்ன? ஆத்துக்கு அக்கரையிலே நல்ல வேலை ரெண்டு தடவை வந்தும், "எனக்குக் கண்டம்"னு நானே வேண்டாம்னுட்டேன். பிழைப்புக்காகக் கப்பல் ஏறி இங்கன வந்தப்போகூட, கண்ணை மூடிக்கிட்டேதான் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி கட்டாயப்படுத்திப் படகிலே அனுப்பினார். அக்கரையிலே இறங்கையிலே வழுக்கி விழுந்துட்டேன். பதறாதீங்க. கண்ணை இறுக மூடிக்கிட்டுக் கத்துதேன். கூட வந்த கடையநல்லூர் மசூது, "ஏலே, எந்திரிச்சு நில்லுலே"ங்கான். நின்னேன். இடுப்பளவுத் தண்ணிதான். சட்டைப் பையிலே இருந்த உங்க கடிதம்தான் மை கரைஞ்சு போச்சு.

அக்கரை வேலைக்கு ஒத்துக்கிட்டேன். இனி தினம் ரெண்டு தடவை படகு.

அடுத்த கடிதத்திலே தண்ணிப் பேச்சு வேண்டாம். சாரல் விழுந்துச்சா, செவலைப் பசு கன்னு போட்டுச்சா, அதை எழுதச் சொல்லுங்க. நாலு பக்கத்திலே ஊர்ச் சேதி ஒரு வரி இல்லை.

தபாலுக்கு நேரமாச்சு. ஆடியிலே வாறேன். பெரிய அருவியிலே நான் நிக்கும்போது கரையிலே நின்னு கூப்பாடு போடாதீங்க. துண்டு மட்டும் கொண்டு வாங்க.

குற்றாலிங்கம்