இத்தா எப்போது முடியும் என்று கேட்கிறார்கள்

பதுளை
14.10.1979

அன்பு மகள் ஸவாஹிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறோம், எனக்கு முழங்கால் வலி, வாப்பாவுக்கு இருமல், மற்றபடி குறையில்லை. புத்தளத்தில் சாச்சி வீட்டில் நீ சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாய் என்று அவள் எழுதியிருந்தாள். தலாக் சொன்ன புவாத் ஹாலிஎலையில் கடை திறந்து மூன்று வேளையும் தின்கிறான், நீ ஏன் மகள் பட்டினி கிடக்கவேண்டும்.

இங்கே சமாச்சாரம் என்னவென்றால், புவாத்தின் உம்மா, உன் மாமி ஹம்ஸியா, போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்தாள், கையில் வட்டிலப்பம். நீ அந்த வீட்டில் காய்ச்சலோடு கிடந்தபோது ஒரு கோப்பை கஞ்சி தராதவளுக்கு இப்போது எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா. உன் தையல் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாளாம், மழையைச் சொன்னாள், ஹஜ்ஜுப் பெருநாளைச் சொன்னாள், எழும்பிச் செருப்பைப் போடும்போதுதான், "பிள்ளைக்கு இத்தா எப்ப முடியுது?" என்று போகிற போக்கில் கேட்டாள். மறுநாள் புவாத்தின் கூட்டாளி றவூப் வந்து, வாப்பாவின் கடையில் அரை இறாத்தல் சீனி வாங்கிக்கொண்டு அதையே கேட்டிருக்கிறான். போன வருஷமும் இப்படித்தானே, ஒரு தலாக் சொன்னான், மூன்று மாதவிலக்குக் கழியும்வரை இத்தா என்று நீ மூன்று மாதம் அறைக்குள் இருந்து வாடினாய், இத்தா முடிய நாலு நாள் இருக்கும்போது இரண்டு சாட்சியோடு வந்து, மீட்டுக்கொண்டேன் என்று ஒரே சொல்லில் உன்னைக் கூட்டிப்போனான். உன் சம்மதம் தேவையில்லை என்றார்கள். எட்டு மாதத்தில் மறுபடி தலாக். இத்தா முடிந்துவிட்டால் அந்தச் சொல் செல்லாது, உன்னைக் கேட்டு, புதிதாக நிக்காஹ் செய்யவேண்டும். அதனால்தான் இந்த விசாரிப்பு.

நான் மாமியிடம், இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது என்று நீ எழுதிய கடிதம் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. பொய்தான், அல்லாஹ் மன்னிக்கவேண்டும். யாருக்கோ கேட்பது போல, தலாக் விவகாரம் பார்க்கும் காதியாரிடம் கேட்டேன், "இத்தாவில பொம்பள சொல்றதுதான் கணக்கு" என்றார், அந்த நாள் அவளுக்குத்தானே தெரியும். வாப்பாவுக்கும் சொல்லவில்லை, நல்ல மனுஷன், வாயில் ஒன்றும் தங்காது.

உன்மேலும் எனக்குச் சந்தேகம் மகள், ஒளிப்பானேன். போன கடிதத்தின் ஓரத்தில், அவர் கடையை நேரத்துக்குத் திறக்கிறாரா என்று கேட்டிருந்தாய். உம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அந்த வரியைப் பத்துத் தரம் வாசித்தேன், ஆத்திரமும் வந்தது அழுகையும் வந்தது. அவன்தான் வேண்டுமென்றால் வெட்கப்படாமல் எழுது. நானே ஹாலிஎலைக்குப் போய்ச் சரியான தேதியைச் சொல்லிவிட்டு வருவேன், என் பொய்யால் மகளின் வாழ்க்கை முடிந்தது என்ற பழி எனக்கு வேண்டாம். ஆனால் ஒன்றை யோசி. வந்த இரண்டு பேரும் தேதியைத்தான் கேட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பதிலை வாப்பாவின் கடை முகவரிக்குப் போடாதே, பக்கத்து வீட்டுக் காமிலாவின் பெயருக்குப் போடு, உடனே போடு. நேரத்துக்குச் சாப்பிடு. ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகத்தான் கையேந்துகிறேன், அல்லாஹ் உன் மனதுக்கு ஆறுதலைத் தரட்டும்.

உன் உம்மா,
ஸைனப்