என் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

வங்கியில் வேலை பார்க்கும் பெண் இன்று முதல்முறையாக நெரிசலான சாலையில் ஓட்டினாள். எங்கள் பயிற்சிக் காரில், கற்றுக்கொடுப்பவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் தொடவே இல்லை! சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது: காலையிலிருந்து என் மனைவியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு போனவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, ஊர் சுற்றிச் சிரித்துவிட்டு வருகிறேன். நல்ல புருஷன்.

மார்ச் 5

மாலை வகுப்புகள் இனி வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இவளிடமும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 11

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா வந்திருந்தார். துண்டைக் காட்டி, "இது என்ன?" என்றார். இவள் "து... து..." என்று திணற, "துண்டு" என்றேன் நான். சீப்பைக் காட்டினார். அதற்கும் நானே.

"உங்களுக்கு நல்லாவே பேச வருது சார்," என்றார் அந்த அம்மா.

இவள் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணினாலும் அதே பழைய நக்கல் சிரிப்பு.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "அவங்க தேடற வார்த்தைய நீங்க எடுத்துக் குடுத்தா, தேடறதையே விட்டுடுவாங்க. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருங்க. கஷ்டம்தான்."

எதற்கெடுத்தாலும் பிரேக்கை மிதிக்கிறவனிடம் யாரும் வண்டி கற்றுக்கொள்ள முடியாது என்று மற்ற பயிற்சியாளர்களுக்கு உபதேசம் செய்கிறவன் நான். வீட்டில் மிதித்தபடியே இருந்திருக்கிறேன்.

மார்ச் 12

சாப்பிடும்போது "உ..." என்றாள். உப்பு. எனக்குத் தெரியும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மேஜைக்கு அடியில் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. தொழில் புத்தி எங்கே போகும்?

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அடப்பாவி, கைக்கு எட்டற தூரத்துலதானே உப்பு இருக்கு! எடுத்துக் குடுக்காம கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"உப்பு!" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பெருமையில் அழுதேனா, செய்த கொடுமைக்கு அழுதேனா? இரண்டுக்கும்தான்.

மார்ச் 13

உப்பு. உப்பு. உப்பு. இன்று தேவையே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 20

உப்புக் கதையைச் சொன்னதும், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் மகள் சண்டை. "அம்மாவை இப்படித் தவிக்க விடறீங்களே, உங்களுக்கு மனசே இல்லையாப்பா?"

சுருக்கென்றது. நானும் இதையேதான் தினமும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் இவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"சும்மா... இருடி."

 அந்தப் பக்கம் மகள் விசும்புவது கேட்டது.

ஏப்ரல் 2

காலை வகுப்பு முடிந்து சாவியைக் கொடுக்கப் போனேன். "அண்ணே, அண்ணி போன் பண்ணாங்க," என்றார் முதலாளி.

திக்கென்றது. "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அவருக்குச் சாயங்கால வகுப்பு குடுங்கன்னாங்க. சொல்லி முடிக்க ரொம்ப நேரமாச்சு. நான் நடுவுல வாயே தொறக்கலண்ணே."

பறந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "என்னைத் துரத்தறியா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். தேடினாள். நான் பேசாமல் நின்றேன்.

"வீட்ல... உங்க தொல்லை... தாங்கல."

பெண்டாட்டி திட்டியதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியாயிற்று. மகளிடம் சொல்லியாயிற்று. நாளை மாலை வகுப்புக்குப் போகிறேன்.